சித்தையன் கொடுத்த பேரு

இஸ்திரிக்காரர் சித்தையனின் இடது கால் வேர் விட்ட அன்று மைசூரில் முட்டை ஏழு ரூபாய், மல்லிகை முழம் நாற்பது. காலையில் வண்டிக்கடியில் கிடந்த கரிமூட்டையை இழுக்கக் காலை எடுத்துவைக்கப் பார்த்தார், கால் வரவில்லை. தார் ஒட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து பார்த்தால், செருப்பைக் கிழித்துக்கொண்டு ஐந்து விரலும் ஐந்து பக்கமாக மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வலி இல்லை. கொஞ்சம் குறுகுறுப்பு, அவ்வளவுதான். தலைக்கு மேலே, முந்தின நாள் வரை தெருப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்த தூங்குமூஞ்சி மரம் நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது. அந்தத் தெருவில், கன்னடத்தில் செண்பக பீதியில், நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் அண்ணாந்து பார்த்து, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள்.

மரம் சாயக் காரணம் மரம் அல்ல. குழாய் பதிக்க வந்தவர்கள் ஒரு பக்கத்து வேரை அறுத்தார்கள், நடைபாதைக்குக் கல் பாவ வந்தவர்கள் மிச்சத்தை அறுத்தார்கள், கேபிள்காரர்கள் அறுக்க எதுவும் இல்லாததால் பட்டையில் ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். மரங்களைப் பார்த்துக்கொள்கிற ஆபீசில் மரங்களைப் பார்த்துக்கொள்ளக் காசு கிடையாது. தசராவுக்கு அதே மரங்களில் சீரியல் பல்பு சுற்ற உண்டு. விழுகிற மரத்தை வெட்ட உண்டு. நிற்கிற மரத்துக்கு மட்டும் கிடையாது. நிற்பதற்கு எதற்குக் காசு என்பது அவர்கள் கேள்வி. ஆகவே அந்த வருஷம் மரங்களைத் தெருக்காரர்களே தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. தத்துப்போகாத மரம் வெட்டப்படும். அநாதைப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு கறாரான விதி கிடையாது.

சித்தையன் கால் வேர் விடுவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, செண்பக பீதி குடியிருப்போர் சங்கம் மரத்தடியிலேயே கூடியது. செயலாளர் ஹேமந்த், ஹெப்பாள் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற பையன். மைக் பிடித்தால் மனுஷன் மாறிவிடுவான். மரத்துக்கு மண் கொட்ட, முட்டுக் கொடுக்க, வருஷாவருஷம் கிளை கழிக்க யார் யார் என்ன கொடுக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டான். ஒருவர் தன் வீட்டு வாசலில் நிழலே விழுவதில்லை என்றார். ஒரு அம்மாள் தன் வீட்டு வாசலில் இலை மட்டும்தான் விழுகிறது என்றாள். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், கொள்கை அளவில் ஆதரவு தருவதாகச் சொல்லி, சொன்ன களைப்பில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் எல்லார் கண்ணும், இருபது வருஷமாக அதே நிழலில் வண்டி போட்டிருக்கிற சித்தையன் மேல் போய் நின்றது.

“நீவு ஏனு கொட்தீரா, சித்தையா? நெரளு பூரா நிம்தே அல்வா?” என்றான் ஹேமந்த். நிழல் முழுக்க உன்னுடையதுதானே, நீ என்ன கொடுப்பாய் என்று அர்த்தம். கூட்டம் சிரித்தது.

சித்தையனுக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்துப் பேர் சிரித்தால், பதினோராவது ஆளாகத் தன்னையே கிண்டல் பண்ணி அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கேலி என்று வந்துவிட்டால் நாக்கு மட்டும் பஸ் ஏறி, தமிழ் பேசுகிற சொந்த ஊரான கோபிநத்தத்துக்குப் போய்விடும். காசு எங்கே இருக்கு, என்னிடம் இருப்பது என் பெயர் ஒன்றுதான், பலகையில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தவர், “நன்ன பேரு தகொள்ளி!” என்றார். எல்லாம் கன்னடம், நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். கன்னடத்தில் பெயருக்கு ஹெசரு என்பார்கள். பேரு என்றால் வேர். என் வேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாகத்தான் கூட்டம் கேட்டது, கை தட்டியது. மரமும் அப்படித்தான் கேட்டது. பாவம், அது மைசூரிலேயே பிறந்து வளர்ந்த மரம். தமிழ் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறது?

புதன்கிழமைக்குள் வலது காலும் இறங்கிவிட்டது. அவர் மனைவி வடிவு தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, ஊரு உலகத்துல ஆம்பளைங்க குடிச்சுப்போட்டு விழுவாங்க, சீட்டாடி விழுவாங்க. நீங்க நின்னே கெட்டீங்களே! வாயி சும்மா இருக்காதுங்களா?”

“கால் வலிக்குது, உக்கார ஒரு ஸ்டூல் வாங்கோணும்னு சொல்லீட்டு இருந்தீல்ல? அந்தச் செலவு மிச்சம் புள்ள,” என்றார் சித்தையன்.

அவள் சிரிக்கவில்லை. வைகாசியில் மகள் மீனாவுக்குக் கல்யாணம். கோபிநத்தத்தில், மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க அப்பன் வேண்டும். மீனா பிறந்த நாளிலிருந்து அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் ஊரார் சட்டையின் சுருக்கத்தை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போட்டுக்கொள்ளத் தன் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மடித்து, அழுக்காகாமல் கவரில் வைத்திருந்தார்.

வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தொழில் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்த் துணி வாங்க முடியாது என்பதால், தாங்களே கொண்டுவந்து தரவேண்டியிருக்கிறது என்று கூலியில் குறைத்தார்கள். மழைக்கு வடிவு தார்ப்பாய் கட்டினாள். கிளையில் கயிறு கட்டித் தார்ப்பாய் மாட்டுவது மரத்துக்கு நல்லதல்ல என்று சங்கம் அவிழ்க்கச் சொன்னது. சாப்பாடு குறைந்துபோனது, நல்ல வெயில் அடித்தால் அவருக்குப் பசியாறிவிடும். ஒன்றுக்கு ரெண்டுக்கு எல்லாம் மரமே பார்த்துக்கொண்டது, அந்தப் பக்கத்துக் கிளை அதற்கப்புறம் பிரமாதமாகத் தழைத்தது. சாயங்காலம் மரம் இலையை மூடும்போது இவருக்கும் கண் சொருகிவிடும். அப்போது இஸ்திரி போட்ட துணிகளில் மடிப்பு கோணலாக இருக்கிறது என்று புகார் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். சங்கம் ஒரு பலகை வைத்தது. அதில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் இருந்தன. இடம் போதாததால், கீழே வேர் உபயம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மரம் பார்க்கிற ஆபீசிலிருந்தும் வந்து பார்த்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். செலவில்லாத பராமரிப்பு என்று அவர்கள் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. பேரு தானா, அதாவது வேர் தானம், என்று ஒரு திட்டம் தீட்டி, ஹனூர் பக்கமிருந்து வேன் வைத்து ஆட்களை இறக்கினார்கள். கட்டட வேலை என்று சொல்லிக் கூட்டிவந்த ஆட்கள். நகரத்தின் சாய்ந்த மரங்களுக்கடியில் ஆளுக்கு ஒன்றாக நிறுத்தினார்கள். பாதிப் பேருக்கு வேர் பிடித்துக்கொண்டது. பிடிக்காதவர்களைத் திரும்பப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் சார்ஜ் திட்டத்தில் சேரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து மரம் படித்த அம்மாள் ஒருத்தி வந்து பார்த்தாள். இரும்பில் நாலு முட்டுக் கொடுத்து, கல்லைப் பெயர்த்து நல்ல மண் கொட்டினால் மரம் தன் வேரைத் தானே விட்டுக்கொள்ளும், அப்புறம் இந்த மனுஷரை மெதுவாகக் கழற்றிவிடலாம் என்றாள். ஆகிற செலவு, அந்தத் தெருவுக்குத் தசராப் பல்பு ஓர் இரவு எரிகிற செலவு. வடிவு சங்கத்துக்கு ஓடினாள்.

ஹேமந்த் கெட்டவன் இல்லை. அவளுக்கு நாற்காலி போட்டான், காபி கொடுத்தான், தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினான்.

“வடிவம்மா, மரம் நிக்குதல்வா? நிக்கிற மரத்துக்கு யாரு துட்டு குடுப்பாங்க, ஹேளி, சொல்லுங்க.”

“அவரு புடிச்சுட்டு நிக்கிறதால நிக்குதுங்க!”

“அதே நானும் ஹேள்றேன். அவரு பிட்டுட்டா மரம் விழும். விழற மரத்துக்கு ஆபீஸ்ல துட்டு இருக்கு.”

“அப்ப குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க,” என்றான் ஹேமந்த். “வெட்டறதுக்கு.”

வடிவு காபியைக் குடிக்காமல் எழுந்தாள். மறுநாள் காலை கடப்பாரையோடு வந்தாள். முட்டாவது மண்ணாவது, வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு. இரண்டு போடு போட்டிருப்பாள். சித்தையன் பல்லைக் கடித்துக்கொண்டு, “வலிக்கலை, நீ போடு” என்று பொய் சொன்னார். மரம் ஒரு சாண் சாய்ந்தது. அந்நேரம் பள்ளிக்கூட வேன் வந்து நிழலில் நின்றது. அது தினமும் நிற்கிற இடம். உள்ளே டிபன் பாக்ஸ் சத்தமும் கூச்சலும். சித்தையன் அண்ணாந்து கிளையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பிறகு வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த ஏட்டு நல்ல மாதிரி, தமிழும் பேசினார்.

“அம்மா, ஆளு உங்க புருஷன், இல்லேங்கலை. ஆனா வேரு சர்க்காரோடது. அனுமதி இல்லாம அறுத்தா கேஸாயிடும்.”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். அதை அவள் பிறகு எவ்வளவு கேட்டும் திருப்பித் தரவில்லை.

வைகாசி வந்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கு வாழைத்தார் வெட்டியாயிற்று. வடிவு மீனாவைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். மீனா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது ஏற்கெனவே பட்டையாகியிருந்ததால் அவள் கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்தது.

“அட கழுத, கண்ணாலத்துக்குப் போற புள்ள மூஞ்சியைக் கசக்கிக்கலாமா? அப்பறம் அதையும் நானே இஸ்திரி போடோணும்,” என்றார் சித்தையன். “நீங்க முன்னால போங்க. நான் வரப் பாக்கறேன்.”

“எப்படி? நடந்தா?” என்றாள் வடிவு. அந்தக் கேள்வியில் இருந்த கோபம் அவர்மேல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நடந்து போக முடியாதுதான். வேருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, நீள்வது. அந்த வாரம், கோபிநத்தம் போகிற வழியில், டி.நரசிபுரத்தில் ஒரு வீட்டுக் குளியலறைத் தரை விரிசல் விட்டது. கொள்ளேகாலில் ஒரு கிணற்றின் பக்கச் சுவரில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபக்கம் நுழைந்துகொண்டது. ஹனூர் ரோட்டில் புதுத் தார் ஒரு கோடாகப் புடைத்தது, காண்ட்ராக்டர் வெயில் மேல் பழி போட்டார். மாதேஸ்வரன் மலையில் பாறை குறுக்கிட்டதால் அரை நாள் தாமதம். மைசூரில் சித்தையன் ஆள் மெலிந்துகொண்டே வந்தார். முகம் மட்டும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தவன் மாதிரி இருந்தது.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், கோபிநத்தத்துப் பந்தலில் மணவறைக்கு இடது பக்கம், பெண்ணின் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில், மண் பிளந்தது. விரல் தடிமனில் ஒரு வேர் வெளியே வந்து, வெளிச்சம் கூசியதுபோல் கொஞ்சம் தயங்கி, மீனாவின் கை இருக்கிற பக்கமாக நீண்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா தொட்டையன் குடத்துத் தண்ணீரோடு வேகமாக வந்தவர், அது தடுக்கி விழப்பார்த்தார். “எவண்டா பந்தல் போட்டவன்? வேரைக்கூட வெட்டாம!” என்று சத்தம் போட்டுவிட்டு, தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளால் தரையோடு தரையாக ஒரே வெட்டு. துண்டு வடிவின் காலடியில் வந்து விழுந்தது. எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகையும் கஞ்சிப்பசையும் கலந்த வாசம் அடித்தது. அவள் வாயைத் திறந்த அதே நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியதால் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும், பெண்ணைப் பெற்றவள் அழத்தான் செய்வாள் என்று அட்சதை போட்டார்கள்.

அதே நேரம் செண்பக பீதியில் சித்தையன், ஹேமந்தின் வெள்ளைச் சட்டை மேல் பெட்டியை வைத்தவர் எடுக்கவில்லை. சட்டை முதுகில் கறுப்பாகப் பொத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கேலி பேசியதாக யாரும் சொல்லவில்லை. சட்டைக்கான தொகையை அந்த மாதத்து இஸ்திரிக் கூலியில் கழித்துக்கொண்டார்கள். மரம் நன்றாக இருந்தது. அந்தத் தசராவுக்கு அதில் முன்னைவிட அதிகமாகப் பல்பு சுற்றினார்கள், சில சரங்கள் சித்தையன் தோள்வரை வந்தன.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் பிரித்த இடத்தில், வெட்டின கட்டையிலிருந்து அடுத்த மழைக்கு இரண்டு இலை வந்தது. பிறகு அது இடுப்பளவு ஆனது. சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும். வீட்டில் சண்டை என்றால் மீனா போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், அது அவள் இருக்கிற பக்கம் கொஞ்சம் சாயும். அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பங்குனி வெயிலில் ஊரில் எல்லாச் செடியும் கருகியபோதும் அது மட்டும் பச்சையாக நின்றது. யாரும் ஒரு சொம்பு ஊற்றியதில்லை. அதற்கான தண்ணீர் மைசூரிலிருந்து வந்துகொண்டிருந்தது.