எண்ணிக்கைக்கு நட்ட கொம்பு

எங்க வீட்டுக்காரர் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டவே மாட்டார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் கத்திக்கிட்டுதான் இருக்கேன். "சோத்துல கைய வைக்கிற மனுஷன், கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?" பதிலுக்குச் சிரிப்பார், அவ்வளவுதான். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்.

அரசாங்கம் ரோட்டோரமா நட்ட ஐந்நூறு வாகைக் கன்னுக்கு அவர்தான் காவல். லாரியில வர்ற தண்ணியை ரெண்டு வருஷமா குடத்துல மொண்டு மொண்டு ஊத்தினதும் அவர்தான். மூணாவது வருஷத் தண்ணிக்கும் பணம் ஒதுக்கணும்னா, நூத்துக்கு எழுபது கன்னாவது உயிரோட இருக்கணுமாம். அதாவது முந்நூத்தம்பது. ஒண்ணு குறைஞ்சாலும் லாரி நின்னுடும். அவர் வேலையும் போச்சு, கன்னும் கருகிடும்.

எண்ணுறதுக்கு ஆள் வர்ற மாசம் எதுன்னு கேளுங்க. அரசாங்கம் வருஷக் கணக்கை முடிக்கிற மாசமாம். வாகை இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டைக் குச்சியா நிக்கிற மாசமும் அதேதான். எந்தப் புண்ணியவான் யோசிச்சு வச்சானோ!

"இலை இல்லாததையெல்லாம் செத்ததுன்னு எழுதிட்டா?"ன்னு கேட்டேன். அவர் பாட்டுக்கு, "உயிர் இருக்குல்ல, விடு"ன்னுட்டார். நான் விடுவேனா? முந்தின நாள் மத்தியானம் அவர் லாரிக்காரரைப் பார்க்கப் போன நேரமா, வேலியோரப் பூவரசுல இருந்து இலையோட நாப்பது கொம்பு ஒடிச்சேன். நிஜமாவே கன்னு செத்துப்போன குழியா பார்த்து ஒவ்வொண்ணா நட்டு, மிதிச்சு, தண்ணியும் ஊத்தினேன். வாகைக்கும் பூவரசுக்கும் வித்தியாசம் ஆபீஸ்ல உக்காந்து எழுதுற ஆளுக்கா தெரியப்போகுது?

மறுநாள் காலையில வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். தலையில கர்சீப், கையில படிவம். இலை இருந்தா டிக், இல்லன்னா பெருக்கல் குறி. முதல் வரிசையில பெருக்கல், பெருக்கல், பெருக்கல். என் கொம்பு வந்ததும் டிக். லேசா தலை தொங்கியிருந்தாலும் பச்சை பச்சைதானே! "பாருங்க சார், எப்படி ஜம்முனு நிக்குது"ன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.

எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு அந்தக் கொம்பைப் பிடிச்சு இழுத்தார். வேரா ஒண்ணா, கையோட வந்துடுச்சு.

"இங்க இருந்தது செத்துப்போச்சு சார்"னார். ரெண்டு குழி தள்ளிப் போய் இன்னொண்ணையும் பிடுங்கினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பைத்தியமா உங்களுக்கு? பொழைக்கத் தெரியாத மனுஷனுக்கு வாக்கப்பட்டு..."ன்னு கத்தினேன்.

அவர் என்னை முறைக்கக்கூட இல்ல. அதிகாரியைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்காகப் பயந்துபோய் செஞ்சுட்டா. நல்லவ"ன்னார். ஒரே மூச்சுல அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

அப்புறம் பெருக்கல் குறி வாங்கின கன்னு ஒண்ணுகிட்ட உக்காந்து, அந்தக் கட்டைவிரல் நகத்தால தண்டுல லேசா கீறிக் காட்டினார். தோலுக்கு அடியில ஈரப் பச்சை. அடுத்த கன்னுலயும் பச்சை. அதுக்கு அடுத்ததுலயும்.

அதிகாரி கீழே கிடந்த கொம்பைப் பார்த்தார், கீறின தண்டைப் பார்த்தார். தானும் ஒண்ணைக் கீறப் பார்த்தார். ஒட்ட வெட்டின நகம், எங்க கீறுறது? நான் அழுகையோட சிரிச்சுட்டேன். அதிகாரி பழைய படிவத்தை மடிச்சுப் பையில வச்சுட்டு, "முதல்ல இருந்து எண்ணலாம் வாங்கய்யா"ன்னார்.

சாயங்காலம் முடிஞ்சப்போ முந்நூத்தி அறுபத்திரண்டு. என் மனுஷன் நகக்கண்ணெல்லாம் பச்சை. அன்னைக்கு அந்தக் கையை நான்தான் கழுவி விட்டேன். நகத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

ரெண்டு மாசம் கழிச்சு மழை வந்தது, வாகையெல்லாம் துளிர்த்துடுச்சு. லாரியும் ஒழுங்கா வருது. ஆனா வீட்டுல நான் பிடிச்சு வைக்கிற குடம் மட்டும் காலையில பாதிதான் இருக்கும். "யார் குடிச்சுத் தீர்க்கிறது?"ன்னு தினமும் கத்துவேன். அவர் சிரிப்பார்.

ஒருநாள் சாப்பாடு கொண்டு போனப்போதான் பார்த்தேன். கடைசி வரிசையில, வாகைக்கு நடுவுல ஒரு பூவரசு. முழங்கால் உயரத்துக்கு, புது இலையோட.

"இதை மட்டும் ஏன் பிடுங்கல?"

"கணுவுல மொட்டு இருந்துச்சு. சார்கிட்ட சொல்லிட்டு, கணக்குல சேர்க்காம விட்டேன்."

"கணக்குல இல்லாததுக்கு லாரித் தண்ணியா ஊத்துறீங்க?"

"ச்சே, அது அரசாங்கத் தண்ணி." தலையைச் சொறிஞ்சார். "இதுக்கு நம்ம வீட்டுத் தண்ணி. நீ நட்டதாச்சே."

மறுநாள் விடிஞ்சதும் குடத்தை நானே தூக்கிக்கிட்டுப் போனேன்.