சொறியாததற்கு ஒரு பன்

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. முழுசாக இல்லை, ஒரு துண்டுதான். கும்மிடிப்பூண்டி ரயிலில், திருவொற்றியூரில் ஒரு பெண் ஏறினாள். கூடவே ஆறு வயது மதிக்கத்தக்க மகள். சித்திரை வெயிலில் அந்தச் சிறுமிக்கு முழுக்கைச் சட்டை. எதிர் சீட்டு அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "கொழுகொழுன்னு கீதே! இன்னா குட்த்து வளக்குற?" என்றார். தாயின் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், மகள் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய மாதிரி.

அப்போது சட்டைக் கை விலகியது. முழங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செதில். கிள்ளிய அம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

எண்ணூரில் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. மங்கை, வினிதா என்று நானே வைத்துக்கொண்டேன். மீதிக்குக் கற்பனை பாதி, விசாரிப்பு பாதி.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"எண்ணூரின் புகைபோக்கிகள் அன்று காலையும் வானத்தைப் பார்த்து—"

நிறுத்திவிட்டேன். எண்ணூர்க் கதை என்றால் புகைபோக்கியில் ஆரம்பிப்பது எங்களைப் போன்ற வாரப் பத்திரிகைக்காரர்களின் கைப்பழக்கம். குற்றவாளியை முதல் வரியிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் வாசகர் வீட்டுக்குள் வரமாட்டார். எனக்கோ மங்கையின் வீட்டுக்குள் போயாக வேண்டும். அந்தக் குழந்தைக்கு அங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

ஆகவே இரண்டாவது தொடக்கம்.

முகத்துவாரக்குப்பத்தில் மீன் சாப்பிடாத ஒரே பிள்ளை வினிதாதான். அப்பா திலீப் பைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன். அம்மா மங்கை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வீட்டில் தினமும் மீன் குழம்பு கொதிக்கும். வினிதாவின் தட்டில் மட்டும் பன், ஜாம், கிரீம் பிஸ்கட்.

காரணம் குப்பத்தின் தீர்ப்பு. மங்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும் நாள் தவறாமல் மீன் ஆய்ந்தாள். அந்தச் செதில்தான் பிள்ளை உடம்பில் ஏறிவிட்டதாம். மேற்கொண்டு மீனைத் தின்னவும் கொடுத்தால் விடுமா?

(இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அரிவாள்மணையில் தெறிக்கிற செதிலையும் அவள் முழங்காலில் உதிர்கிற செதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.)

இன்னொரு பழக்கமும் உண்டு. அதைத் தொடங்கியவன் திலீப். வினிதா அரிப்பெடுத்துச் சொறிந்தால் ரத்தம் வரும். அதனால் ஓர் ஒப்பந்தம்: அரிக்கும்போது சொறியாமல் பொறுத்துக்கொண்டால் ஒரு பன். பொறுத்துக்கொண்டதும் அவள் கையை நீட்டுவாள். கரையேறிய கையோடு டீக்கடையில் பன் வாங்கிக்கொண்டுதான் அவன் வீட்டுக்கு வருவான்.

பள்ளியில் யாரும் அவளோடு கைகோத்து விளையாடுவதில்லை, ஒட்டிக்கொள்ளுமாம்.* அவள் உட்கார்ந்தபடியே வளர்ந்தாள்.

* ஒட்டாது. இது சோரியாசிஸ். அடிக்குறிப்பாகப் போட்டாலாவது படிக்கிறார்களா பார்ப்போம்.

3

வினிதாவைப் பார்க்கும் டாக்டர் சங்கமித்ரா விஷயத்தில்தான் தடுமாறினேன். முதல் வடிவத்தில் அவரை இரண்டு பக்கம் பேசவிட்டேன். ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கும் டாக்டரை நான் எந்த அரசு மருத்துவமனையிலும் பார்த்ததில்லை. வெட்டினேன். இப்போது அவர் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், வெளியே நீண்ட வரிசை, பொறுமை குறைவு.

வினிதாவின் முழங்காலைப் பார்த்தார். களிம்பு எழுதினார். பிறகு டேப்பை எடுத்துப் பிள்ளையின் இடுப்பைச் சுற்றினார்.

மங்கைக்குச் சுருக்கென்றது. "தோலுக்குத்தானே மேடம் வந்தோம், பாவாட தைக்கவா வந்தோம்?"

"சும்மா இரும்மா. இன்னா சாப்பிடுது?"

"மீனு கண்லயே காட்டுறதில்ல மேடம்." பெருமையாகச் சொன்னாள்.

"யாரு சொன்னா காட்டக் கூடாதுன்னு?"

"குப்பமே சொல்லுது."

"குப்பம் எந்தக் காலேஜ்ல படிச்சுது? மீனு குடு. குழம்பாக் குடு, பொரிக்காத. பன்னு, பிஸ்கட்ட நிறுத்து. வீட்டுல ஒரு நூலெடுத்து இவ உயரத்துக்கு வெட்டு. ரெண்டா மடிச்சு இடுப்பச் சுத்து. எட்டலன்னா வயித்துல கொழுப்பு சேருதுன்னு அர்த்தம். திங்கக்கிழம வெறும் வயித்தோட கூட்டினு வா. சுகர், கொழுப்பு ரெண்டும் பாக்கணும்."

"ஆறு வயசுக்கு சுகரா?"

"பாத்தாத்தானே தெரியும்? அடுத்து யாரு?"

டாக்டரைப் பேசவிடாததால் இங்கே நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. தோலில் தெரிகிற இந்த அழற்சி தோலோடு நிற்பதில்லை என்கிறார்கள். இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு, சின்ன வயதிலேயே, மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வயிற்றில் சதை போடுகிறது, ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறப் பார்க்கின்றன. எது எதற்குக் காரணம்? உள்ளே எரிவதால் உடம்பு பெருக்கிறதா, உடம்பு பெருப்பதால் எரிவது கூடுகிறதா? நான் விசாரித்த இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், மங்கையின் வீட்டில் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. அதன் பெயர் பாசம். அதை எந்தச் சோதனையில் அளப்பார்கள் என்று—

(இந்த வாக்கியம் கண்ணைக் கசக்கப் பார்க்கிறது. இங்கேயே விட்டுவிடுகிறேன்.)

4

சாயங்காலம் மங்கை வலை நூலை எடுத்தாள். வினிதாவைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து வெட்டினாள். மடித்துச் சுற்றினாள். நூலின் இரண்டு முனையும் தொடவில்லை. பிள்ளையை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். அப்போதும் தொடவில்லை.

திலீப் சிரித்தான். "நூலு வெச்சி நோவு கண்டுபுடிக்கிறாளாம்! எனக்கு அளந்து பாரு."

அளந்தாள். அவன் உயரத்துக்கு வெட்டிய நூல் ஒரு சாண் பற்றவில்லை.

"நூலு சரியில்ல" என்றான்.

"தொப்ப சரியில்ல. திங்கக்கிழம புள்ளயக் கூட்டினு போறேன். பன்ன நிறுத்து."

அவன் சிரிப்பு நின்றது. "நல்லா கீற புள்ளைக்கு சுகர் டெஸ்ட்டா? வேணாம்."

"நல்லா கீதா?"

"இன்னாம்மே நீ? இத்தப் பாத்து நாலு பேரு மூஞ்சத் திருப்புறான். கொழுகொழுன்னு கீதுன்னு சொல்லத்தான் கிட்ட வர்றான். அது ஒண்ணுதான் அதுக்கு நல்லா கீது. அத்தயும் புடுங்கச் சொல்றியா?"

நேர்மையாகச் சொல்கிறேன், திலீப்பை முரடனாக எழுதத்தான் திட்டம் போட்டிருந்தேன். இந்த வசனத்துக்குப் பிறகு முடியவில்லை.

மங்கையாலும் அவனைக் கோபிக்க முடியவில்லை. மடித்த நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நானும் ரயில்ல அதக் கேட்டுத்தான் பூரிச்சிப் போனேன். உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எத்தினி நாளைக்கு பூரிச்சிக்கினே இருக்கறது?"

திங்கட்கிழமை திலீப் கடலுக்குப் போகாமல் அவர்களோடு கிளம்பினான்.

5

முடிவுகளைப் பார்ப்போம்.

அ) சர்க்கரை ஏறியிருக்கிறது. திலீப் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. பன் வாங்கிக் கொடுத்த குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

ஆ) எல்லாம் சரியாக இருக்கிறது. வினிதா மீன் தின்கிறாள், இளைக்கிறாள், செதில் உதிர்ந்து பளபளக்கிறாள். பொய். வயிறு குறைந்தால் தோல் கொஞ்சம் அடங்கலாம். இந்த நோய் அவ்வளவு மரியாதையாக விடைபெற்றுப் போகாது.

இ) அன்று மிஷின் வேலை செய்யவில்லை, நாளைக்கு வரச் சொல்கிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் சோம்பேறி எழுத்தாளர் தப்பிக்கும் வழி.

மூன்றையும் அடித்துவிட்டு வரிசைக்கே திரும்புகிறேன்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சு. முன்னால் இரண்டே பேர். வினிதா இரவு முதல் எதுவும் சாப்பிடவில்லை. அவளுக்கு முழங்கை அரிக்கிறது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். உதட்டைக் கடிக்கிறாள். கண்ணில் நீர் கட்டுகிறது. சொறியவில்லை.

அரிப்பு அடங்குகிறது. அவள் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள்.

"சொறியல நைனா."

திலீப்பின் கை சட்டைப் பைக்குப் போகிறது. அங்கே பன் இருக்கிறது. வழியில் வாங்கியது, பழக்கம். மங்கை அவன் கையைப் பார்க்கிறாள், தடுக்கவில்லை. பார்க்க மட்டும் செய்கிறாள். முன்னால் இருந்த ஒருவர் உள்ளே போகிறார்.

பன்னைக் கொடுத்தால் இன்று சோதனை இல்லை. நாளைக்கு இன்னொரு முறை வர அவன் சம்மதிப்பானா, எனக்கே தெரியாது. கொடுக்காவிட்டால், தன்னிடம் சொன்ன சொல்லைத் தவறாமல் காப்பாற்றும் ஒரே ஆள் என்று அவள் நம்புகிற மனிதன் பொய்யனாகிறான். வேறு எதையாவது கொடுக்கலாம். எதை? இரண்டு வாரமாக யோசிக்கிறேன். ஒரு முத்தம் என்று எழுதினேன், ஏமாற்று வேலையாக இருந்தது. பொம்மை என்று எழுதினேன், அந்த வாசலில் பொம்மைக்கு எங்கே போவான்?

உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அந்தக் கையில் எதை வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், முன்னால் இருப்பவர் எழுந்துவிட்டார்.

"இன்னா நைனா," என்கிறாள் வினிதா, "இல்லியா?"