துலிப்புக்காக விட்ட இடம்

படத்தில் ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஜூனில் தீட்டிய ரோஜாவும் செப்டம்பரில் தீட்டிய திராட்சையும் எப்போதோ காய்ந்துவிட்டன. கண்முன் இல்லாத பூவை மாக்டெல்ட் தீட்டமாட்டாள். துலிப் பூக்கும்வரை ஏழு மாதம் அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தாள்.

அன்று காலை, அந்தப் படத்தை வாங்கவிருந்த தோட்டக்காரர் ரைனியர் ஒற்றைத் துலிப் பூவைக் கொண்டுவந்து தந்தார்.

"சாயங்காலம் வரேன். என் பூ அச்சு அசலா இருந்தா அண்ணன் பேரு வேணாம், உன் பேரையே போட்டுக்கம்மா."

அதுவரை அவள் தீட்டியவை எல்லாம் அண்ணன் பெயரில்தான் விலைபோயிருந்தன.

அக்கா ஹில்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துலிப்புக்குப் பேர்போன ஹார்லெம் ஊரில் ஏப்ரல் மாதமும் குளிர்தான். காலுக்குச் சூடேற்றும் தணல் பெட்டியைத் தூக்கி மேசைமேல், பூ இருந்த ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"விரல் விறைச்சுப் போனா எப்படிடி கோடு வரும்? சூப்பு ஆறுது, ரெண்டு வாய் குடிச்சிட்டு வா."

மாக்டெல்ட் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, குவிந்திருந்த பூ தட்டுப்போல விரிந்து கிடந்தது. படத்தில் பாதி தீட்டியிருந்ததோ குவிந்த பூ.

ஹில்லா சன்னலுக்கு ஓடினாள்.

"சன்னலைத் திறக்கவா? குளிர்ந்தா மூடிக்குமே."

"மூடும். அதுக்குள்ள வெளிச்சம் போயிடும்." மாக்டெல்ட் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல பொறந்துட்டு துலிப்புக்குக் குளிர் காய வச்ச ஒரே ஆள் நீதான்க்கா."

பிறகு கத்தியை எடுத்து, தீட்டிய பாதியைச் சுரண்டினாள். விரிந்த பூவையே தீட்டத் தொடங்கினாள். அடியில் இருந்த நீலக் கறை, அதைச் சுற்றிய மகரந்தத் தூள், முன்னால் தொங்கிய இதழின் புறத்தில் ஓடிய சிவப்புக் கீற்று என்று ஒன்றையும் அவள் விடவில்லை. அந்தக் கை ஓர் இடத்திலும் தயங்காததை ஹில்லா மூச்சடக்கிப் பார்த்தாள்.

மாலையில் வந்த ரைனியர் படத்தருகே குனிந்து பூவின் உட்புறத்தை உற்றுப் பார்த்தார்.

"விரிஞ்சா தூக்கிப் போட்டுடுவோம். வாங்குறவங்களும் வெளிப்பக்கம்தான் பாப்பாங்க," என்றார் கடைசியில். "உள்ள இப்படி ஒரு நீலம் இருக்குதுன்னு நான் நின்னு பாத்ததில்ல."

"அச்சு அசலா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க," என்றாள் ஹில்லா.

"இருக்கு. பேரைத்தான் இன்னும் காணோம்."

மாக்டெல்ட் மெல்லிய தூரிகையை எடுத்து, படத்திலிருந்த மேசை விளிம்பில் தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. அவள் அதைத் திருத்தவில்லை.