பதினோராவது இலக்கம்

ஞாயிறு காலை சௌமியாவின் போனுக்கு ஓர் எண் வந்தது: 31061208351. பக்கத்தில் ‘மணி 4’ என்று மட்டும் இருந்தது.

அண்ணன் தீனதயாளன்தான் முதலில் பார்த்தான். அவள் போனை எடுத்துப் பார்க்க அவன் யாரிடமும் கேட்பதில்லை.

“இன்னா இது, எப்பப் பார்த்தாலும் வெறும் நம்பரா அனுப்பிகினு கீறான்?”

“பரீட்சைக்குக் கணக்கு போடறோம்ண்ணா.”

“அவன் வேலைக்குப் போயும் கணக்கா? வெளங்கிடும்,” என்று போனைக் கட்டிலில் போட்டான்.

எண்ணை அனுப்பியது அவளோடு படித்த ஹேமநாதன். ஆந்திராவில் குண்டக்கல் ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளின் எண்களைக் குறித்தெடுக்கிறான். கல்லூரி நாட்களில் அரக்கோணம் ரயில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம், எதிரே நிற்கும் சரக்குப் பெட்டியின் எண் எதெதால் வகுபடும் என்று இருவரும் வகுத்துப் பார்ப்பார்கள். அதற்குமேல் பேச அவளுக்கு வாய் வந்ததில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது அவன்தான் சொன்னான்: “உங்க வீட்ல பேச என்னிக்கு வரேன்னு வேகன் மேலயே எழுதி அனுப்பறேன். நம்பர் வரும், பாத்துக்கோ.”

அடுத்த ஞாயிறு வேறு இடத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

சௌமியா நோட்டை எடுத்தாள். இலக்கங்களின் கூட்டுத்தொகை முப்பது, மூன்றால் வகுபடும். ஏழு, பதினொன்று என்று போகுமுன், பழக்கத்தில் கடைசி இலக்கத்தைச் சரிபார்த்தாள். அந்த இலக்கம் மற்ற பத்துக்கும் காவல். இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடத்து இலக்கங்களைச் சேர்த்தால் வரும் தொகையை அது பத்தின் மடங்காக்க வேண்டும். தொகை எழுபத்து மூன்று. கடைசியில் ஏழு இருக்க வேண்டும். இருந்தது ஒன்று.

அப்படி ஒரு பெட்டி எந்தத் தண்டவாளத்திலும் ஓட முடியாது.

அவசரத்தில் அவன் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதுவான். அதிலேயே எத்தனையோ மதிப்பெண் போயிருக்கிறது. இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் மூன்றால் வகுத்தது அவளுக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து ஜோடிகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். எட்டு தேறவில்லை. மிஞ்சியவை இரண்டு: 31061028351, 31061208531.

பேனா ரீஃபில் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாலு மணிக்கு ஸ்டேஷன் நடைமேடையில் நின்றாள். ரேணிகுண்டா பக்கம் நல்ல மழை என்று பேசிக்கொண்டார்கள். அரிசி ஏற்றிய ரயில் நனைந்துபோய், வேகம் குறைத்து வந்தது. ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் உதட்டுக்குள் படித்தாள். இருபத்தாறாவது பெட்டி: 31061208531.

சாக்பீஸில் ‘சௌமி’ என்று இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக ஒழுகிய தடம் மட்டும். ஓர் எழுத்து, ஓர் எண் தெரியாதா என்று பெட்டியோடு கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். நடைமேடை முடிந்தது. ரயில் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கு அவள் ஒருநாளும் போன் செய்ததில்லை. இப்போது செய்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

“ஆங், சௌமி?” அவன் குரலுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம்.

“அஞ்சையும் மூணையும் மாத்திப் போட்டுட்ட.”

“ஐயோ. அப்புறம் எப்படிக் கண்டுபுடிச்ச?”

“கண்டுபுடிச்சேன். என் பேரு இருந்துச்சு. தேதிய மழை அழிச்சிடுச்சு.” போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எழுதாத. வாயால சொல்லு. என்னிக்கு வர?”