இருபத்து நான்கு டிகிரி

அறைக்குள் போகுமுன் என் கணவன் சுங்-யாவ் என்னிடம் கடைசியாகக் குறைபட்டுக்கொண்டது ஒரு தின்பண்டப் பொட்டலத்தைப் பற்றி. ஓடுகிற இயந்திரத்தின் தலைமேல் பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்தால் அது சொன்னபேச்சுக் கேட்கும் என்பது எங்கள் ஊர்த் தொழில்காரர்களின் நம்பிக்கை. அன்று நான் மஞ்சளை வாங்கி வந்துவிட்டேன்.

"மஞ்சளா? மெஷினை ஸ்ட்ரைக் பண்ணச் சொல்றியா?"

"கடையில பச்சை தீர்ந்துபோச்சு. வேணும்னா நீயே ஏறி அது மேல உட்காரு."

"நான் உட்கார்ந்தா அது சூடாயிடும், தாயே."

சிரித்தபடியே நெஞ்சைத் தடவிக்கொண்டான். காலையில் தின்ற முள்ளங்கி அடை எரிகிறது என்றான். கதவோரத்து ஆணியில், திறக்காதே என்பதற்கு அடையாளமான சிவப்புத் துண்டை மாட்டிவிட்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான். மதியம் இரண்டு இருபது.

தைபெய்க்கு ஆற்றின் அக்கரையில், நான்காவது மாடியில் எங்கள் வீடு. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. சிறிய அறை அவனுடைய சோதனை அறை. கம்ப்யூட்டர் பிராசஸருக்குள்ளேயே படம் வரையும் பகுதியும் சேர்ந்து வருகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாதவர்கள் அதை நம்பித்தான் கேம் ஆடுகிறார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டின் பிராசஸர்களை, தொழிலில் சிவப்பு, நீலம் என்போம், ஒரே கேமில் ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று அளந்து எழுதுவது அவன் வேலை. வித்தியாசம் பல நேரம் இரண்டு மூன்று படம்தான். அறை ஒரு டிகிரி சூடானாலும் அது பொய்யாகிவிடும் என்பான். அதனால் எப்போதும் இருபத்து நான்கு டிகிரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம், ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம். முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அவனும் ஏ.சி. காற்றுக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பான்.

"படிக்கிறவன் பூரா ஸ்டூடண்ட்ஸ். ஒருதடவைதான் வாங்குவான். நான் தப்பாச் சொன்னா அஞ்சு வருஷம் அதோட மாரடிப்பான்."

வசந்தத்தில் ஒருமுறை கொய்யாப்பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். திட்டவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அன்று இரண்டு நாற்பத்திரண்டுக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ விழுந்தது. கதவில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்ததால் மங்கலாகத்தான் கேட்டது.

"ஏய், என்ன விழுந்துச்சு?"

பதிலில்லை. காதில் ஹெட்போன் இருக்கும் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நீலத்தின் மூன்றாவது ஓட்டம் முடியப் பதினெட்டு நிமிடம் இருந்தது. உலர்ந்த துணிகளை மடிக்கப் போனேன். மடித்து முடித்து, அடுக்கியும் வைத்தேன்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது திரையைத்தான். ஓட்டம் பழுதில்லாமல் முடிந்திருந்தது. அதன் பிறகே தரையைப் பார்த்தேன்.

"விழறதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே நெஞ்சு வலி வந்திருக்கும். உங்களைக் கூப்பிடலையா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

அவன் போய்ப் பத்தொன்பதாம் நாள் ஆ-திங் வந்தான். அவனும் சுங்-யாவும் சேர்ந்துதான் இந்தச் சோதனைகள் வெளியாகும் இணையதளத்தை நடத்தினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, நீலத்தோட மூணாவது ஓட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டிடலாமா? அந்த நம்பரைப் போட மனசு வரலை."

"ஏன்? கதவை யாரும் திறக்கலையே. ரூல்படிதான் நடந்துச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். "நான் உள்ள இருக்கேன், நீ வெளியே இரு" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"பார்த்துப் பார்த்துப் பழகினதுதான். ஓட விட்டுட்டு உட்காரணும், அவ்வளவுதானே?"

சுங்-யாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். கதவு சாத்தப்பட்டது. விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. திரையில் ஒரு வீரன் மழையில் ஒரே தெருவைத் திரும்பத் திரும்பக் கடந்துகொண்டிருந்தான். பத்தொன்பது நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றுதான்: இடுக்கான அறை, காலைச் சுற்றி ஒயர்கள், வலி வந்தபோது அவனால் வெளியே வர முடிந்திருக்காது. இத்தனை வருடத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

எழுந்திருக்காமல் வலது கையை நீட்டினேன். கதவின் பிடி எட்டியது. விரல்களால் முழுசாகச் சுற்றிப் பிடிக்க முடிந்தது. குளிர்ந்திருந்தது.

வெளியே ஆ-திங் இருமினான். ஓட்டம் முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.