பதினேழாம் நம்பர் கண்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. ஃபேனுக்கு நேரே இருக்கிறவங்க கொஞ்சம் நகர்ந்து மத்தவங்களுக்கும் காத்து விடுங்க. இன்னைக்குச் சொல்லப்போறது கோபக் கதை. கேட்கக் கேட்க உங்களுக்கும் சூடு ஏறும், ஏறட்டும். கடைசி வரைக்கும் கூட இருந்தீங்கன்னா மனசு கனக்காம அனுப்பி வைக்கிறேன், அது என் பொறுப்பு.

சென்னீர்குப்பத்தில் சாமுண்டீஸ்வரி என்று ஒருத்தி. வயது நாற்பத்தாறு. அவளுடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் கூலிக்கு ஏர் ஓட்டினவர். இப்போது அந்த வயலில் லாரி வந்து திரும்புகிற அளவுக்குப் பெரிய கிடங்கு நிற்கிறது. இவள் நசரத்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி பேர் எதற்கு, விடுங்க. உயரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற சேஃப்டி பெல்ட் தைக்கிற இடம் அது.

தைக்கிறவர்கள் அறுபது பேர் என்றால் செக்கர் ஆறு பேர். அதில் சாமுண்டிதான் பதினேழாம் நம்பர். நல்ல பெல்ட் என்றால் ஓரத்துத் துணியில் 17 என்று சீல் குத்துவாள். தையல் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் சீல் கிடையாது. கொக்கி வளையத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. சிவப்பு முடிச்சு விழுந்த பெல்ட்டை அதே மெஷின்காரி பிரித்துத் தைத்து அவளிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும். முடிச்சைப் போட்ட கைதான் அதை அவிழ்க்கலாம், வேறு கை தொடக்கூடாது. எழுதி ஒட்டின சட்டம் இல்லை. அந்தப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த கட்டு. சாமுண்டி பத்தடி தள்ளி நின்றே விட்டுப்போன தையலைக் காட்டுவாள். மெஷின்காரிகள் அவள் வருவதைப் பார்த்ததும், எக்ஸ்ரே வருதுடீ என்று முணுமுணுப்பார்கள்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு திங்கட்கிழமை என்னவோ ஆகிவிட்டது. பஸ் போர்டு தெரிந்தது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்காய் தெரிந்தது. புருஷன் திருவேங்கடத்தின் தாடியில் நரை தெரிந்தது. பெல்ட்டைக் கையில் எடுத்தால் மட்டும், தையல் ஓடுகிற இடம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கிப்போய் நின்றது. துணி தெரிகிறது, கொக்கி தெரிகிறது, தையல் இல்லை. கண்ணைக் கசக்கினாள், முகம் கழுவினாள், வெளிச்சத்துக்குப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை.

பூந்தமல்லியில் கண் டாக்டரிடம் போனாள். அவர் எழுத்தைக் காட்டினார், கடைசி வரி வரைக்கும் படித்தாள். லைட் அடித்தார், சொட்டு விட்டார், கண்ணில் குறையே இல்லை என்று அனுப்பிவிட்டார். திருவேங்கடம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. என் தப்பு மட்டும் நல்லா தெரியுது, கம்பெனி தப்பு தெரியலையா, இது இன்னாடி கண்ணு என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைத் தாயம்மாதான் பத்து நாளாக இவள் பங்கையும் சேர்த்துச் செக் பண்ணிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்தாவது நாள் சேதி வந்தது. அம்பத்தூரில் ஒரு கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த யூசுப் என்கிறவர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார். பெல்ட் போட்டுத்தான் இருந்தார். தொடைப்பட்டை தையலோடு பிய்ந்து வந்துவிட்டது. உயிர் இருக்கிறது, இடுப்பு எலும்பு நொறுங்கிப்போயிற்று. பெல்ட்டின் ஓரத்தில் 17 என்று சீல்.

மேனேஜர் சிவராமன் அதுவரைக்கும் சாமுண்டியிடம் நின்று பேசினவர் இல்லை. அன்றைக்குத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். உனக்குக் கண் மங்கினது எனக்குத் தெரியும்மா, கண் டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார் என்றால் கோளாறு மனசில்தான், உன்மேல் தப்பே இல்லை, கம்பெனி செலவில் மனநல டாக்டரைப் போய்ப் பார் என்றார். வெள்ளிக்கிழமை அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். அதற்குள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மனநிலை சரியில்லாததால் ஒரே ஒரு பெல்ட்டைக் கவனிக்காமல் சீல் வைத்துவிட்டேன் என்று அதில் இருந்தது. ஒரே ஒரு பெல்ட். சாமுண்டி டீயைத் தள்ளி வைத்தாள். கையெழுத்துப் போட்டால் விசாரணை அவளோடு முடிந்துவிடும். அதே லாட்டில், ஒரே லோடாகப் போன மற்ற பெல்ட்டுகளை யாரும் தேடமாட்டார்கள். அவற்றை மாட்டிக்கொண்டு இந்த நேரத்தில் எந்தெந்தச் சாரத்தில் யார் யார் தொங்குகிறார்களோ.

யோசித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்தாள்.

மனநல டாக்டர் பேர் வித்யா. அம்பத்தூரில் மாடியில் சின்னக் கிளினிக், முப்பத்தைந்து வயதுப் பெண், மரியாதை தெரிந்தவள். கண்ணை மூடச் சொல்லி, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டாள். சாமுண்டிக்குக் கண்ணை மூடினால் கொஞ்ச நாளாகவே ஒரே படம்தான். அதைச் சொன்னாள். ஒரு கை. குட்டிக் கத்தரி. சிவப்பு முடிச்சு. கத்தரி வெட்டுகிறது, முடிச்சு கீழே விழுகிறது. மறுபடி வெட்டுகிறது.

வித்யா குறித்துக்கொண்டாள். சிவப்பு என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டாள்.

"ரிஜெக்ட்."

வித்யா அதையும் எழுதிவிட்டு மெதுவாக, யார் உங்களை ஒதுக்கினார்கள் என்று கேட்டாள். சாமுண்டிக்குப் புரியவில்லை. அப்புறம் முடிச்சைப் பற்றிக் கேட்டாள். நம்ம வழக்கத்தில் முடிச்சு என்றால் கல்யாணம், அது அறுந்து விழுகிற மாதிரி வருகிறது, வீட்டுக்காரரோடு எப்படி என்றாள்.

சாமுண்டி எழுந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, தாலிக்கயிறு மஞ்சள். நான் சொன்னது சிவப்பு. என் ஊட்டுக்காரர இதுல இன்னாத்துக்கு இழுக்கிறீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். கோபத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. அவள் சொன்னது கனவில்லை, கண்ணுங்களா. போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது. சாப்பாட்டு அறைக்கும் பேக்கிங் அறைக்கும் நடுவில் கண்ணாடிதான். ஆறு செக்கர்களும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவராமன், அவசர ஆர்டர், லாரி காத்திருக்கிறது. சாமுண்டி முடிச்சுப் போட்டு ஒதுக்கி வைத்த முப்பத்தெட்டு பெல்ட்டையும் எடுத்து, முடிச்சை வெட்டி, அவளுடைய 17 நம்பர் சீல் எடுத்து அவரே குத்தி, பெட்டியில் போட்டார்.

வீட்டில் திருவேங்கடத்திடம் டாக்டர் கேட்டதைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சாமுண்டி, அந்தம்மாவுக்குக் காதுல கேட்டது மட்டும்தான் தெரியும். முடிச்ச நேர்ல எங்க பாத்திருக்கும்? எடுத்துகினு போய் மேசைல போடு. திட்றதுன்னாலும் நேர்ல போய்த் திட்டு. என்னைத் திட்டிகினு இருந்தா இன்னா பிரயோஜனம் கீது?"

மறுநாள் வியாழக்கிழமை காலையில் கிளினிக்குக்குப் போனாள். பையிலிருந்து பழைய பெல்ட் ஒன்றையும் நூல் கண்டையும் எடுத்து மேசையில் வைத்து, வித்யாவின் கண்ணெதிரே முடிச்சுப் போட்டுக் காட்டினாள். தையல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, கைக்குத் தெரியுமே. இதுதான் சிவப்பு, இதுதான் முடிச்சு, இதற்குப் பின்னால் புருஷனும் இல்லை, பூதமும் இல்லை என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்ததை முழுசாகச் சொன்னாள்.

வித்யா நோட்டை மூடிவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஒரு படம் மனசுல வந்தா, அதுக்குப் பின்னால வேற ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்னு படிச்சுப் படிச்சு, நீங்க சொன்னதையே நான் பாக்காம விட்டுட்டேன்." அந்த முடிச்சைக் குனிந்து பார்த்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க படத்துல கை இருக்கு, கத்தரி இருக்கு. பேச்சே இல்லையே. அன்னைக்கு யாரும் ஒண்ணும் பேசலையா?"

சாமுண்டி டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகுதான் சொன்னாள். வெட்டி முடித்துவிட்டு சிவராமன் நிமிர்ந்தார், கண்ணாடி வழியாக ஆறு பேரையும் பார்த்தார். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. டீ சொல்லியாச்சா என்று கேட்கிற குரலில் பேசினார்.

"'நீங்க எதையும் பாக்கலம்மா. சாப்பிடுங்க'ன்னாரு. நாங்க சாப்ட்டோம், டாக்டரம்மா. எனக்கு அன்னைக்குப் புளிசாதம். ஒரு பருக்கை மீதி வைக்கல. டப்பாவக் கழுவி வெச்சேன்."

சொல்லிவிட்டு மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சிவராமன்மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் காலி டப்பாமேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

வித்யா அவளை அழவும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நம்ம பாஷையையே எடுத்துக்கங்க என்று நிதானமாகப் பேசினாள். வேலை பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், எதைச் செய்தாலும் கண்ணைச் சாட்சிக்கு வைத்துத்தான் செய்கிறோம். அந்தச் சாட்சியிடம் போய் நீ பார்க்கவில்லை என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். நீங்கள் வாயால் மறுக்கவில்லை. கண் அந்தச் சொல்லை உத்தரவாக எடுத்துக்கொண்டது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கீழ்ப்படிந்துவிட்டது. உங்களுக்குப் பைத்தியம் இல்லை, அடங்கிப்போன கோபம் என்றாள்.

அப்போ அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்க, மேனேஜர் மூஞ்சியில் வீசுகிறேன் என்று சாமுண்டி கேட்டாள். மனநிலை நன்றாக இருக்கிறது என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன், மீதியை நான் எழுதினால் அது என் சொல்லாகிவிடும், உங்கள் வாயால் வரட்டும் என்று வித்யா சொல்லிவிட்டாள். அதற்கும் சாமுண்டிக்குக் கோபம்தான். அன்றைக்கு அவளுக்கு எதன்மேல்தான் கோபமில்லை?

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் சாப்பாட்டு அறையிலேயே விசாரணை வைத்தார்கள். ஆய்வாளர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். மேசைமேல் யூசுப்புடைய பெல்ட், பிளாஸ்டிக் பையில். செக்கர் ஆறு பேரும் சுவரோரமாக நின்றார்கள். சிவராமன் இரக்கமாகப் பேசினார். பாவம் மேடம், நல்ல தொழிலாளி, மனசு சரியில்லை, அவங்களே ஒப்புக்கிறாங்க என்று காகிதத்தையும் பேனாவையும் சாமுண்டி பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். முப்பத்தெட்டு என்ற எண்ணிக்கையைச் சொன்னாள்.

சிவராமன் பெருமூச்சு விட்டார். இப்படித்தான் மேடம், இல்லாததெல்லாம் தெரிகிறது, அதனால்தான் டாக்டரிடம் அனுப்பினோம் என்றார். வேண்டுமானால் கூட இருந்தவர்களைக் கேளுங்கள் என்று அவரே சொன்னார். அவருக்கு அவ்வளவு தைரியம். ஆய்வாளர் அம்மா திரும்பி, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். சாமுண்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பத்துப் பதினைந்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், குழம்பு மாற்றிக்கொண்டவர்கள்.

"பாக்கலைன்னு சொல்லுங்கடீ," என்றாள். "தரையப் பாத்து இல்ல, என் மூஞ்சியப் பாத்து. யூசுப் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீறாங்க, அவங்க மூஞ்சியப் பாத்தும் சொல்லுங்க. நானும் அன்னைக்கு உங்ககூடத்தான் வாய மூடிகினு தின்னேன். தின்னது எனக்கு இன்னும் செரிக்கல. உங்களுக்குச் செரிச்சிடுச்சா?"

வெளியே லாரி பின்னால் வருகிற சத்தம். அப்புறம் தாயம்மா, நிமிராமலே, பேசினாள்.

"நானும் பாத்தேன் மேடம். எண்ணினேன். முப்பத்தெட்டுதான்."

இன்னொருத்தி, அகல்யா, ஆமாம் என்று தலையாட்டினாள். மற்ற மூன்று பேரும் கடைசி வரைக்கும் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண்களுக்கு என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது.

சிவராமன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்த லாட் எங்கெங்கே போனது என்ற பட்டியலைக் கேட்டார். உடனே, இங்கேயே, என் முன்னால் ஒவ்வொரு இடத்துக்கும் ஃபோன் போடுங்க, ஆளைக் கீழே இறக்கச் சொல்லுங்க என்றார்.

அவர்கள் ஃபோன் போட்டுக்கொண்டிருக்கும்போது சாமுண்டி மேசைக்குப் போனாள். யூசுப்புடைய பெல்ட்டைப் பையோடு கையில் எடுத்தாள். பார்வையின் ஓரத்தில் கலங்கல் இன்னும் இருந்தது. நடுவில் மெல்ல மெல்லத் தெளிந்தது. பிய்ந்த பட்டையில் ஊசி இறங்கின ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. வரிசையில் நான்கு தையல் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு அவள் கண்டுபிடித்து முடிச்சுப் போட்ட அதே நான்கு. கண் திரும்பிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனுஷன் எந்த இடத்திலிருந்து விழுந்தான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு பெல்ட் இறங்கிவிட்டது. யூசுப்புடையது போக மீதி ஆறை இரண்டு நாள் தேடி எடுத்தார்கள், யாரும் விழவில்லை. சிவராமன்மேல் வழக்கு நடக்கிறது, கம்பெனி மேலும் நடக்கிறது. சாமுண்டி அங்கேயேதான் வேலை பார்க்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் நிமிர்ந்தாலும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு முறைக்கிறாள். தாயம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை, இவ்வளவு நாள் கழித்தா சொன்னாய் என்று. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

அவ்வளவுதான் கண்ணுங்களா, எழுந்திருங்க, கால் மரத்துப்போயிருக்கும். உங்க வீட்டு அடுப்பு அணையாம எரியட்டும். உயரத்துக்கு வேலைக்குப் போற உங்க பிள்ளைங்க போனமாதிரியே இறங்கி வரட்டும். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்லிச் சோறு திங்கிற நிலைமை உங்க வாசப்படியில என்னைக்கும் கால் வைக்காம இருக்கட்டும். நல்லா இருங்க.