வெளியுறையில் ஒரு வெள்ளைக் கோடு

ஓஷ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. லாரி டிரைவர் சதிபால்டியின் மூளைக்கு மேலிருக்கும் வெளியுறை, படத்துக்கான சாய மருந்து ஏற்றியபின், சுற்றிலும் ஒரே சீராக வெள்ளைக் கோடாய் மின்னியது.

"காய்ச்சலுக்கு முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்க டாக்டரம்மா. அதுலேர்ந்து எந்திரிச்சா தலை பிளக்குது, படுத்தா போயிடுது," என்றார்.

குத்திய இடத்தில் நீர் கசிந்தால் உறை இப்படித்தான் மின்னும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அப்படியே எழுதினேன்.

தலைமை மருத்துவர் ஜாக்கிபோவ் அதைப் பேனாவால் அடித்தார். "உறை மின்னினா நம்ம ஊர்ல காசநோய்தாம்மா. டிரைவர் சொல்றதைக் கேட்டா ரிப்போர்ட் எழுதுவ? அப்ப அவனையே படம் பார்க்கச் சொல்லிடு!"

பத்து வருடப் படிப்பு அந்த ஒரு பேனாக் கோட்டுக்குத் தாங்கவில்லை. மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டபின் எடுத்த படத்தில் கோடு இல்லை. கசிவு எப்போதோ தானாக அடைபட்டிருக்கும். "பாத்தியா, மாத்திரை கேட்டிருக்கு!" என்று ஜாக்கிபோவ் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சதிபால்டியை மனைவி கைப்பிடித்து அழைத்து வந்தாள். காசநோய் மாத்திரை கண் நரம்பைத் தின்றிருந்தது. எனக்கென்று ஒரு பை நிறையக் காய்ந்த தயிர் உருண்டை கொண்டுவந்திருந்தார்.

"உசுரைக் காப்பாத்துனீங்க டாக்டரம்மா. படம் சுத்தமா இருக்காமே?"

"சுத்தமா இருக்கு அண்ணே," என்று படத்தை விளக்குப் பலகையில் மாட்டினேன்.

அவர் வெறும் சுவரைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.